கர்த்தர் கொடுத்த சுதி

ஆகஸ்ட் 28, திங்கள்

வேதவாசிப்பு மூன்று அதிகாரம். ஜெபம் இரண்டு வேளை. சிலிண்டர் மாற்றினேன், போனது நாற்பத்தொரு நாள் வந்தது. இட்லிக்கு ஆட்டி வைத்தேன். கிட்டார் நாற்பது நிமிடம். ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு விரல் மாற்றியது முப்பது தடவை, சுத்தமாக விழுந்தது பதினெட்டு.

சின்னவன் வேலை கிடைத்து ஓசூர் போனபோது பீரோ மேல் போட்டுவிட்டுப் போன கிட்டார் இது. ஈஸ்டர் முடிந்து தூசி தட்ட எடுத்தேன், திரும்ப மேலே வைக்கவில்லை. இப்போது ஜி, சி, டி என்று மூன்று கார்டு தெரியும். கார்டு என்றால் விரல்களைக் கம்பிகளில் ஒரு வடிவமாக அழுத்திக்கொண்டு, மறுகையால் ஒரே வீச்சில் தட்டுவது. மூன்று வடிவம் தெரிந்தால் ஒரு துதிப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடிவிடலாம்.

என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "எதுத்த வீட்டு நாய் இப்பல்லாம் குரைக்கதில்ல. பழகிட்டு போல."

மூன்று மணிக்கு கிரேஸ்லின் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். நாலரைக்குப் போனாள்.

ஆகஸ்ட் 30, புதன்

கிரேஸ்லின் பாத்திரம் திருப்பித் தர வந்தாள். மூன்று முதல் நாலரை. பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

"மோதிர விரல் படுத்துக் கெடக்கு அக்கா. பக்கத்துக் கம்பி ஊமையாவுது பாருங்க."

அவள் என் கொழுந்தனின் மனைவி. ஒரே காம்பவுண்டு, நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. கல்யாணத்துக்கு முன் பேர் பேச்சியம்மாள். ஞானஸ்நானம் பெற்றபோது வைத்த பேர் கிரேஸ்லின். அதற்கு முந்தி அவள் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை இந்த நோட்டில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஊருக்கே தெரியும்.

கிட்டார் நாற்பத்தைந்து நிமிடம். சுத்தமாக விழுந்தது முப்பதுக்கு இருபத்தாறு.

செப்டம்பர் 1, வெள்ளி

இன்று உபவாச ஜெபத்தில் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெண்கள் கூடி ஜெபிக்கும்போது, பாட்டு முடிந்ததும், அந்த வாரம் நன்மை பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். காய்ச்சல் நீங்கியது, மகளுக்கு இடம் அமைந்தது, இப்படி. நான் இந்தக் கூட்டத்துக்கு வரும் பதினெட்டு வருஷத்தில் நாலே தடவைதான் எழுந்திருக்கிறேன். இன்று ஐயரம்மாவிடம் முன்னாடியே சொல்லி, கிட்டாரைக் கொண்டு போயிருந்தேன். (எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்வோம்.) பாடினேன். ஒரு இடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் ஐயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"வயலட், இது யாருட்டம்மா படிச்ச?"

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு மனுஷரும் சொல்லித் தரல ஐயரம்மா. கர்த்தரே என் விரலைப் பிடிச்சு வச்சார்."

"ஸ்தோத்திரம்!" என்று ஒரே சத்தம். ஞானமணி பெரியம்மா வந்து என் இடது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுபத்தாறு வயது, இளைப்பு நோய்க்காரர், என் கையை.

புத்தியைக் கொடுத்தவர் அவர்தான். விரலைப் படைத்தவரும் அவர்தான். அப்படிப் பார்த்தால் நான் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

கிரேஸ்லினும் வந்திருந்தாள். செருப்பு கழற்றும் பக்கம், வாசலை ஒட்டி.

செப்டம்பர் 2, சனி

மூன்று மணிக்கு யாரும் வரவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

கிட்டார் இருபது நிமிடம். சுவர்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டது நான் இல்லை. அந்தப் பக்கமிருந்து போட்டிருக்கிறது. காற்றுக்கு அடித்திருக்கும்.

செப்டம்பர் 8, வெள்ளி

நவம்பரில் பெண்கள் ஞாயிறு. அன்று ஒருநாள் ஆராதனை முழுவதையும் பெண்களே நடத்துவோம். இந்த வருஷம் கீபோர்டு வேண்டாம், வயலட்டின் கிட்டாரே போதும், அந்தப் பாட்டையே பாடுவோம் என்று ஐயரம்மா முடிவு பண்ணிவிட்டார். இன்றைக்கே ஒத்திகை.

பாட்டின் அனுபல்லவி மேலே ஏறுகிற இடத்தில் பாதிப் பேர் குரல் கீச்சென்றது. மீதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள்.

"கொஞ்சம் சுதியை எறக்கிக்கோ வயலட்" என்றார் ஐயரம்மா.

எறக்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மூன்று வடிவம். அந்த மூன்றும் எந்த உயரத்தில் ஒலிக்குமோ அந்த உயரத்தில்தான் என்னால் வாசிக்க முடியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்து. ஆனால் கர்த்தர் விரலைப் பிடித்து வைத்தவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

"எனக்கு இந்தச் சுதியிலதான் கொடுத்தார், ஐயரம்மா" என்றேன்.

ஞானமணி பெரியம்மா சொன்னார்: "அப்ப எறக்கப்படாது. அவரு கொடுத்தத எறக்க நாம யாரு? தொண்டையைப் பழக்குங்கட்டி."

செப்டம்பர் 15, வெள்ளி

ஒத்திகை இரண்டாவது. ஐந்து பேருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகும் பனங்கற்கண்டும் ஒரு டப்பாவில் வைத்துச் சுற்றிக் கொடுத்தார்கள். என்னிடம் வந்ததும் நானும் எடுத்துக்கொண்டேன். நான் பாடவே இல்லை, தட்டத்தான் செய்தேன்.

வேதவாசிப்பு இன்று இல்லை. விட்டுப்போனது என்று எழுதக் கூடாது. உட்கார்ந்தேன், திறக்கவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

காம்பவுண்டைச் சுற்றி, வாசல் வழியாக கிரேஸ்லின் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, பலகையை மட்டும் என் பக்கம் காலால் தள்ளினாள்.

"பாட்டை எறக்கி வாசிக்கணும்னா என்ன செய்யணும் கிரேஸ்லின்?"

"ஸ்கேல் தெரியணும் அக்கா."

"ஸ்கேல்னா?"

கீரையை உருவி முடித்தாள். காம்பை ஒருபக்கம் ஒதுக்கினாள்.

"என்னட்ட எதுக்குக் கேக்குதீய? சொல்லித் தந்தவருட்டயே கேளுங்க. தந்தவரு பாதியிலயா விட்டுட்டுப் போயிருவாரு?"

திரும்பும்போது வாசற்படி தடுக்கியது. அவள் "பாத்து அக்கா" என்றாள். அது முன்னால் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 30 வரை, கறிவேப்பிலை, பாத்திரம், உறைமோர், ஊசி நூல் என்று கிரேஸ்லின் வந்தது ஐம்பத்தேழு தடவை. ஒருவர் வீட்டில் அவ்வளவு கறிவேப்பிலை எதற்கு? ஐம்பத்தேழு தடவையும் மூன்று முதல் நாலரை. ஒரு இடத்தில்கூட நான் 'சொல்லித் தந்தாள்' என்று எழுதவில்லை. எனக்கு மட்டும் தெரிகிற நோட்டில்கூட.

செப்டம்பர் 25, திங்கள்

எல்லாக் கம்பியையும் கொஞ்சம் தளர்த்தினால் சுதி தானாக இறங்கும் என்று தோன்றியது. தளர்த்தினேன். ஆறும் ஆறு விதமாக இறங்கின. திரும்ப முறுக்கும்போது முதல் கம்பி அறுந்து மணிக்கட்டில் கீறியது. மத்தியானம் அவர் தூத்துக்குடி போனபோது கிட்டாரையும் எடுத்துப்போய்ப் புதுக் கம்பி வாங்கினார். கடைக்காரனையே மாட்டச் சொல்லி, சுதியும் சேர்த்துக் கொண்டு வந்தார். "கர்த்தர் கம்பி மாட்ட மாட்டாரோ?" என்றார். அவருக்குத் தெரியும் போல. எவ்வளவு தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

கார்டை விட்டுவிட்டு, ஒரே கம்பியில் பாட்டின் மெட்டைத் தேடிப் பார்த்தேன். கம்பிக்குக் கீழே குறுக்குக் குறுக்காகக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக அழுத்தி, பாட்டில் வருகிற ஒலி என்றால் துணி வெட்டும் சாக்கட்டியால் அதில் புள்ளி வைத்தேன். ஒரு மணி நேரம். புளிக்குழம்பு அடிப்பிடித்தது.

சில கட்டம் பாட்டில் வரவே வரவில்லை. எத்தனை தடவை பாடினாலும் வரவில்லை.

அக்டோபர் 5, வியாழன்

புள்ளிகளை எண்ணினேன். தொடங்கின இடத்திலிருந்து இரண்டாம் கட்டத்தில் ஒன்று, அதிலிருந்து இரண்டாம் கட்டத்தில் ஒன்று, அடுத்து ஒட்டினாற்போல் ஒன்று. பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு, கடைசியில் ஒட்டினாற்போல் ஒன்று. அதோடு தொடங்கின ஒலியே மேலே வந்து நிற்கிறது.

இரண்டு, இரண்டு, ஒன்று. இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று.

வேறு துதிப்பாட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நாலில் மூன்று அதே புள்ளிகளில் நடந்தன. தொடங்கும் கட்டத்தை மாற்றினேன், அடுத்த கம்பிக்கும் போனேன். எங்கே தொடங்கினாலும் அதே எண்ணிக்கை வைத்தால் அதே ஏணிதான் வருகிறது, உயரம் மட்டும் வேறு.

இதுதான் ஸ்கேலா? கேட்க ஆள் இல்லை.

அக்டோபர் 7, சனி

ஏற்றம் ஐம்பது, இறக்கம் ஐம்பது. தப்பு முப்பத்தொன்று.

அக்டோபர் 12, வியாழன்

விளங்கிவிட்டது. காலையில் தோசை ஊற்றும்போது விளங்கியது.

என் மூன்று கார்டும் ஜி, சி, டி. ஜியை ஏணியின் முதல் படி என்று வைத்து விரல் விட்டால்: ஜி, ஏ, பி, சி, டி. நாலாவது படி சி. ஐந்தாவது டி. ஆக இந்தப் பாட்டுக்கு வேண்டியது ஒன்றாம் படி, நாலாம் படி, ஐந்தாம் படி. அவ்வளவுதான். அப்படியானால் முதல் படியையே கீழே டியில் வைத்தால்? டி, இ, எஃப், ஜி, ஏ. நாலாவது ஜி, ஐந்தாவது ஏ. ஜியும் டியும் எனக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாக வேண்டியது ஏ ஒன்றே ஒன்று. கிட்டார் உறைக்குள் கார்டு படம் போட்ட தாள் ஒன்று கிடந்தது, அதில் ஏ இருக்கிறது. மூன்று விரலை ஒரே கட்டத்தில் நெருக்கி வைக்க வேண்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு வாசித்தேன். அனுபல்லவி ஏறுகிற இடத்தில் என் குரல் கீச்சிடவில்லை. பேசுகிற மாதிரிப் போய்விட்டு வந்தது. மூன்று தடவை பாடினேன். நாலாவது தடவை பாட முடியவில்லை.

யாரும் சொல்லித் தராமல் நானாகக் கண்டுபிடித்த ஒரே காரியம் என் வாழ்நாளில் இதுதான். இதை யாரிடமும் சொல்ல முடியாது. இதைச் சொல்ல வேண்டிய வார்த்தையை செப்டம்பர் முதல் தேதியே செலவழித்துவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

வெள்ளிக்கிழமை என்ன சொல்லி இறக்குவது என்று எழுதிப் பார்த்தேன்.

'இந்த வாரம் ஜெபத்தில் இருந்தபோது, சுதியை இறக்கு என்று கர்த்தர் எனக்கு'

அடித்துவிட்டேன். எவ்வளவு லகுவாக வருகிறது! கையெழுத்துகூட நடுங்கவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

ஒன்றும் சொல்லவில்லை. பழைய சுதியிலேயே வாசித்தேன். கோழை.

மூன்றாவது தடவை அனுபல்லவி ஏறும்போது ஞானமணி பெரியம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு விசில் மாதிரி இழுத்தது. ஆட்டோவில் ஐயரம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து மூச்சு சமமானது. மூடியைத் தூக்கிவிட்டு என்னிடம் சொன்னார்:

"எனக்காவன்னு எறக்கிராத, என்ன? அவரு கொடுத்த சுதி."

தலையாட்டினேன். ஆண்டவரே, நான் தலையாட்டினேன்.

அக்டோபர் 25, புதன்

மறுபடியும் கிரேஸ்லின் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை அவள் பலகையைத் தள்ளவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை சபையில சொல்லப்போறேன். நீதான் சொல்லித் தந்தேன்னு. உன் பேரைச் சொல்லலாமான்னு கேக்க வந்தேன்."

"என் பேரு என்ன, அழுக்கா? கேட்டுட்டுத் தொடணுமோ?"

"அதுக்கில்ல."

"அதுக்குத்தான் அக்கா. அன்னைக்கு ஏன் சொல்லல? சொன்னா, அவ எங்க படிச்சான்னு அடுத்த கேள்வி வரும். அதான?"

அதுதான். இதோ எழுதுகிறேன். பேச்சியம்மாளாக இருந்தபோது ஒன்பது வருஷம் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவள் அவள். கோயில் திருவிழாக்களில், கொடைக்குக் கொடை, மேடைக்கு மேடை. கொழுந்தன் அவளைப் பார்த்ததே அப்படியொரு மேடையில். அவள் கை பட்டுக் கற்றது என்று சொன்னால் என் துதிப்பாட்டு தீட்டுப்பட்டுவிடும் என்று நினைத்தேன். அவளோடு ஒரே பாத்திரத்தில் சோறு பகிர்ந்துகொண்டே நினைத்தேன்.

"சொல்லுததா இருந்தா மேடையையும் சேத்துச் சொல்லுங்க" என்றாள். "பாதியைச் சொன்னா அதுவும் பொய்தான்."

"நீ வருவியா?"

"வருவேன். எதுக்காவ வராம இருக்கணும்? பொய் சொன்னது நானா?"

அக்டோபர் 27, வெள்ளி

சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். கிரேஸ்லின் வாசல் பக்கம் இல்லை, மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

"எனக்குக் கிட்டார் சொல்லித் தந்தது கிரேஸ்லின்" என்றேன்.

ஐயரம்மா கையைத் தட்டினார். "என்ன தாழ்மை பாருங்க! கர்த்தர் கொடுத்ததைக்கூட அடுத்தவளுக்கு விட்டுக்கொடுக்கா. ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்திருந்தால் இரண்டு பக்கமும் நல்ல பேரோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

"தாழ்மை இல்ல ஐயரம்மா. பொய். அன்னைக்குச் சொன்னது பொய். ஐம்பத்தேழு நாள் மத்தியானம் அவ எனக்குச் சொல்லித் தந்தா. அவ கோயில் கொடை மேடைகள்ல வாசிச்சவ, அதனால பேரை மறைச்சேன். இந்தச் சுதியும் யாரும் கொடுத்ததில்ல. அப்ப எனக்கு எறக்கத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுட்டு கர்த்தர் பேரைச் சொன்னேன்."

ஞானமணி பெரியம்மா மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நான் மூச்சைப் பிடிச்சுப் பாடினது யாருக்கு?"

"என் பொய்க்கு, பெரியம்மா."

"அவருக்குன்னுல்லா நெனச்சேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு என்னைப் பார்க்கவில்லை.

ஐயரம்மா கொஞ்ச நேரம் வேதாகமத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "பெண்கள் ஞாயிறுக்கு கிரேஸ்லினே வாசிக்கட்டும்" என்றார். அதுதான் நியாயம் என்று நானும் நினைத்தேன்.

கிரேஸ்லின் எழுந்தாள். "வேண்டாம். அக்காவே வாசிக்கட்டும். நான் வாசிச்சா இந்தக் கதை ரெண்டு மாசத்துல எல்லாருக்கும் மறந்துபோயிரும். அக்கா வாசிச்சா, பாக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்."

அவள் சிரிக்கவில்லை.

அக்டோபர் 28, சனி

ஜெபம் இரண்டு வேளை. வேதவாசிப்பு ஒரு அதிகாரம். ஒரு அதிகாரம்தான் முடிந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

பெண்கள் ஞாயிறு. டியில் வாசித்தேன். முப்பது குரலும் அனுபல்லவியைத் தொட்டன. இரண்டாம் சரணத்தில் ஏ கார்டு வைக்க ஒரு கணம் பிந்திவிட்டது. ஞானமணி பெரியம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே பாடினார். முடிந்ததும் யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. படியிறங்கும்போது இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். ஒருத்தி என் கையைப் பார்த்தாள்.

பெரியம்மாவிடம் போய் நின்றேன். "இப்பத் தொண்டைக்குச் சொகமா இருக்கு" என்றார். என்னிடம் சொன்னாரா, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாரா தெரியவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

மத்தியானம் சுவர்க் கதவு தட்டப்பட்டது. கிரேஸ்லின். கையில் பாத்திரமும் இல்லை, கறிவேப்பிலையும் கேட்கவில்லை.

"ரெண்டாவது சரணத்துல பிந்திட்டீய" என்றபடி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "ஆனா எறக்கி வாசிச்சீயளே, அந்த ஸ்கேலு யாருட்டப் படிச்சீய?"

"யாருட்டயும் இல்ல. நானாத்தான்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஒரு மனுஷரும் சொல்லித் தரவில்லை என்று அன்றைக்குச் சபையில் சொன்னேனே, அதே வார்த்தைதான். அவள் என்னைப் பார்த்தாள். நான் சத்தியம் பண்ணவில்லை, நோட்டை எடுத்துக் காட்டவுமில்லை. நம்பாமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைக் கொடுத்தது நான்.

"வாசிங்க பாப்போம்."

கம்பியில் ஏறினேன், இறங்கினேன். இரண்டு, இரண்டு, ஒன்று. இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று.

"இன்னொரு தடவ."

மறுபடியும் வாசித்தேன். அவள் முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு பொத்த முடியாமல் சிரித்துவிட்டாள். கட்டில் குலுங்கியது.

"பனையேறுத மாதிரில்லா இருக்கு! ஒரே கம்பியில, ஒத்தை விரலால, அடியிலேருந்து உச்சி வரைக்கும்! பக்கத்துக் கம்பிக்குத் தாண்டணும்னுகூடத் தோணலயா அக்கா?"

"தோணல."

சிரிப்பை அடக்கி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் இடது கையைப் பிடித்து இழுத்து, காய்த்துப்போன ஆள்காட்டி விரல் நுனியையும், ஒரு தழும்புகூட இல்லாத சுண்டு விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சொல்லித் தந்தவன்னு ஒருத்தி இருந்தா, எவ்வளவு கேடுகெட்டவளா இருந்தாலும் இந்தச் சுண்டு விரலைச் சும்மா விட்டிருக்க மாட்டா" என்றாள். "நீங்களாத்தான் படிச்சிருக்கீய. நம்புதேன்."

பிறகு என் நடுவிரலை மேல்கம்பியின் மூன்றாம் கட்டத்தில் வைத்தாள். சுண்டு விரலை நிமிர்த்தி, ஐந்தாம் கட்டத்துக்கு இழுத்து அழுத்தினாள். நன்றாக வலித்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அங்கதான்" என்றாள்.